இடது இறக்கையில் ஒரு சதம்

நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னைப் பற்றிய பகிடி ஒன்று பட்டறையில் உலாவுகிறதாம். ஒட்டி மூடுகிற எதையும் மூடுவதற்கு முன் கிழவன் இரண்டு பேரைக் கூப்பிடுவான், கைவிளக்கை உள்ளே பிடிப்பான், "பார்த்தாச்சோ, வடிவாப் பார்த்தாச்சோ" என்று கேட்டுக் கழுத்தறுப்பான் என்று போன மாதம் ஒரு பிள்ளை எனக்கே என்னைப்போல நடித்துக் காட்டினாள். நன்றாகவே நடித்தாள்.

சிரியுங்கள், எனக்குக் குறையில்லை. ஆனால் கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு விமான வேலை செய்ய வந்திருக்கிற உங்களுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும். பிசின் கலக்கும் அளவும் துணி விரிக்கும் திசையும் உங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. நான் சொல்லப்போவது பயத்தைப் பற்றி.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் காரைநகரில் ஃபைபர் வள்ளம் கட்டிய கை. அகதியாக சுவிஸுக்கு வந்து லாங்கன்தாலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி விமானத் திடல் இருந்தது. அங்கே ஒரு கொட்டகையில் சிலர் ஓய்வு நாட்களில் தங்கள் கையாலேயே சிறிய விமானங்கள் கட்டினார்கள். வேலை இல்லாத ஒரு பிற்பகல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒருவர் பிசினை அவசரமாகக் கலந்து, அது வாளிக்குள் புகைந்து கெட்டுப்போக, தலையில் கைவைத்து நின்றார். நான் வேலியால் ஏறி உள்ளே போய், அடுத்த வாளியை வாங்கிக் கலந்து கொடுத்தேன். அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். சான்றிதழைக் கேட்காமல் கையைப் பார்த்தார்கள்.

அந்தக் கொட்டகையில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் வ்ரேனி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தையல் படிப்பிக்கும் ஆசிரியை. ஏழு வருடமாகத் தனக்கென்று ஒரு மர விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இறக்கைக்குப் போர்த்த துணியை ஒவ்வொரு விலாச்சட்டத்தோடும் தன் கையாலேயே தைத்திருந்தார். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் இடையே மயிரளவு வித்தியாசம் இராது. மற்றவர் கட்டுகிறவர்களின் வேலையைச் சரிபார்க்கும் ஆலோசகர். தன் பெயர் எழுத்தில் வருவதை அவர் விரும்பமாட்டார் என்பதால் எழுதவில்லை. காலை வணக்கத்தை விட அதிகமாக அவர் வாயில் வந்த சொல் "ட்ஸைக்". காட்டு என்று பொருள். ஒட்டினேன் என்றால் ட்ஸைக். அளந்தேன் என்றால் ட்ஸைக். அவருடைய மனைவி சாப்பாடு ஆயத்தம் என்று சொன்னாலும் ட்ஸைக் என்பார் என்று வ்ரேனி சொல்வார்.

அவர்கள் பேசியது சுவிஸ் ஜெர்மன். என் காதுக்கு அது விளங்கிய விதத்தில், எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

வ்ரேனியின் விமானத்துக்கு ஒரு குறை இருந்தது. ஏறாது. திடலின் முடிவில் ஊசியிலை மரங்கள் வரிசையாக நின்றன. வெயில் நாட்களில் அந்த மரங்களைத் தாண்டும் வரை தான் மூச்சு விடுவதில்லை என்று அவர் சொல்லுவார். இறக்கையின் நுனி சதுரமாக வெட்டிவிட்டது போல இருந்தது. அடியில் அழுத்தமாய் இருக்கும் காற்று அந்த மொட்டை விளிம்பால் மேலே சுருண்டு தப்பி, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்த விளிம்பை வளைத்து, வெளிப்பக்கம் கூராக்கி, காற்றுத் தப்பும் இடத்தை இன்னும் வெளியே தள்ளினால் ஏற்றம் கூடும் என்று ஆலோசகர் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அந்தப் படம் ஒரு வள்ளத்தின் அணியம், அதன் முன்முனை, மாதிரித் தெரிந்தது. செய்யலாம் என்றேன்.

இரண்டு நுனிகளும் நல்ல வடிவாய் வந்தன. உள்ளே வெறுமை, மேலே முட்டைக்கோது மாதிரி மெல்லிய சுவர். இறக்கையின் கடைசி விலாவில் அவற்றை ஒட்டி மூட வேண்டியதுதான் மிச்சம். அந்த விலாவிலும், அதற்கு உள்ளே இருந்த விலாக்களிலும், பாரம் குறைப்பதற்காக கைமுட்டி அளவு துளைகள் இருந்தன. அந்தத் துளைகளை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வள்ளத் துறையில் ஒரு வழக்கம். அணியத்தை மூடுவதற்கு முன், ஒரு செப்புச் சதக் காசை மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசி, மஞ்சள் நூல் சுற்றி உள்ளே வைப்போம். கடலுக்குப் போகிறவன் திரும்பி வரட்டும் என்று. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. மூடுகிறவன் வைப்பான், அவ்வளவுதான். ஊரில் இருந்து வரும்போது என் சட்டைப் பையில் அப்படி ஒரு சதம் கிடந்தது.

இடது நுனியை ஒட்டிய பிற்பகல் நான் கொட்டகையில் தனியே இருந்தேன். ஆலோசகர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். வ்ரேனி பள்ளிக்கூடத்தில். எனக்கு அந்த மரங்களை நினைக்கப் பயமாக இருந்தது. வேலி ஏறி வந்த என்னைச் சேர்த்துக்கொண்ட வ்ரேனி அக்கா இந்த இறக்கையை நம்பித்தானே போகப்போகிறார். விமானத்துக்கு அணியம் எது, மூக்கா நுனியா என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். பிறகு நான் மூடுகிற இடம்தான் அணியம் என்று முடிவு செய்து, சதத்தை நுனிக்குள் வைத்து, மேலே ஒரு கரண்டி பிசின் ஊற்றி, காய்ந்ததும் நுனியை மூடிவிட்டேன்.

எண்ணெய் பட்ட இடத்தில் பிசின் பிடிக்காது. இது உங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். எனக்குத் தெரியாததா? அன்றைக்கு அது என் கண்ணுக்கு எண்ணெயாகத் தெரியவில்லை. வழக்கமாகத் தெரிந்தது. ஊரில் அந்தச் சதத்தைப் பலகைக்குள் குடைந்து ஆணி அடித்து வைப்பார்கள். பிசின் அதைப் பிடிக்கிறதா இல்லையா என்று அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை.

ஆலோசகர் வந்து ட்ஸைக் என்றபோது நுனி மூடியிருந்தது. வெளியே தடவிப் பார்த்தார். "வடிவு," என்றார். "உள்ளுக்கும் காட்டியிருக்கலாம்."

புதிய நுனிகளோடு முதல் முறை ஏறிய வெள்ளிக்கிழமை, விமானம் மரங்களைத் தாண்டியபோது கீழே நின்ற எங்களுக்கு இடைவெளி கண்ணால் தெரிந்தது. கை தட்டினோம். இறங்கி வந்த வ்ரேனி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "ஏறுது, பேய் மாதிரி ஏறுது," என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, "ஆனா இறங்கேக்கை, இயந்திரத்தைத் தணிச்ச பிறகு, இடப்பக்கம் ஏதோ டிக் டிக் எண்டுது. சின்னச் சத்தம்," என்றார்.

எனக்கு உடனே சதம் நினைவுக்கு வந்தது.

நுனியைப் பிடித்து ஆட்டினார்கள். சத்தமில்லை. ஓட்டும் தடியை இரண்டு பக்கமும் முழுவதும் அசைத்தார்கள். இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சரிக்கிற மடல்கள் மேலும் கீழும் சுகமாய்ப் போய் வந்தன. ஆலோசகர் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். "அந்த நுனிக்குள்ளை ஆராவது ஏதும் விட்டனியளோ? ஆணி, தூரிகை, கத்தரிக்கோல்?"

ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். என் முறை வந்தது.

"இல்லை," என்றேன். ஆணி இல்லை, தூரிகை இல்லை, கத்தரிக்கோல் இல்லை. அவர் கேட்ட மூன்றுக்கும் அது உண்மையான பதில். அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

"மரச் சிலும்பாயிருக்கும்," என்றார் அவர். "நாளைக்கு இன்னொருக்கா ஏறிப் பாரும். சத்தம் இருந்தால் திறப்பம். இல்லாட்டி விடுவம்."

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அடுத்து வந்த திங்கட்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு விசாரணை இருந்தது. என்னுடைய அவுஸ்வைஸ், இந்த நாட்டில் இருக்க விடும் அட்டை, அதற்குப் பிறகு நீளுமா என்பது தெரியாது. இந்த மனிதனின் கை வேலை எங்களுக்கு வேண்டும் என்று ஒரு கடிதம் தருவதாக ஆலோசகர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நான் நம்பினேன். அந்த வருடங்களில் திரும்பிப் போவது என்றால் என்ன என்பதை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள்.

அன்று மாலை எங்கள் கட்டடத்தின் நிலவறையில் துணி தோய்க்கும் முறை எனக்கும் குணம் அண்ணைக்கும். ஒரே அறையில் இருந்தோம். அவர் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் சூளைக்குப் பக்கத்தில் வேலை செய்தார். "இந்த நாட்டிலை ஊத்தை உடுப்புக்கும் அப்பொயின்ற்மென்ற்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் இயந்திரத்துக்குள் உடுப்பைப் போடுவார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். "காசையோ? இறக்கைக்குள்ளையோ?"

"ஒரு சதம் அண்ணை."

"கப்பலுக்கு வைச்சாலும் பரவாயில்லை. நீ ஆகாயத்துக்கு உண்டியல் கட்டியிருக்கிறாய்." சிரிக்க வெளிக்கிட்டவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "திங்கள் முடியட்டும். கடிதம் கைக்கு வந்த பிறகு சொல்லு. மூண்டு நாள்தானே."

"அவ ஞாயிறு மலை தாண்டிப் போறா அண்ணை. தெற்கே, தெசின் மாநிலத்துக்கு."

"நாளைக்குச் சத்தம் கேட்டால் அவையளே திறப்பினம். நீ வாயைத் திறக்கத் தேவையில்லை. அவையள் காணட்டும்."

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. நாளைக்கு டிக் என்று கேட்கவேண்டும் என்று அன்று இரவு முழுவதும் வேண்டிக்கொண்டேன். ஒரு விமானத்தில் கோளாறு இருக்கவேண்டும் என்று வேண்டியவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை வ்ரேனி அரை மணி நேரம் பறந்தார். வேண்டுமென்றே இடதும் வலதும் சரித்தார். இயந்திரத்தைத் தணித்து இரண்டு தடவை இறங்கிப் பார்த்தார். தரைக்கு வந்து இயந்திரத்தை நிறுத்தி, கைகளை விரித்தார்.

"ஒண்டுமில்லை. சத்தம் துப்புரவா நிண்டிட்டுது."

எல்லோருக்கும் சந்தோசம். யாரோ ஆப்பிள் சாறு ஊற்றினார்கள். ஆலோசகர் தன் குறிப்பேட்டில் இரண்டு சொல் எழுதி மூடினார். என் கைக்கும் ஒரு குவளை வந்தது. அதைக் கீழே வைத்தேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும். சத்தம் கேட்டபோது எனக்கு இருந்தது வெட்கம் கலந்த பயம். சத்தம் நின்றபோது வந்தது வேறு பயம். எல்லோரும் மரச் சிலும்பு உதிர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். உள்ளே இருப்பது சிலும்பு இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். செப்புச் சதம் உதிராது, உருகாது, காற்றில் போகாது. ஓடித் திரிந்து தட்டிய ஒன்று தட்டாமல் விட்டால், அது எங்கோ போய் இறுகியிருக்கிறது. நுனியில் இருந்து துளை வழியாக உள்ளே. அந்தப் பக்கம் இருப்பது மடலை அசைக்கும் இரும்புக் கை.

ஞாயிறு காலை மூடுபனி ஒன்பது மணிக்கே விலகத் தொடங்கியது. நான் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். வ்ரேனி வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் பாணும் சீஸும் ஒரு சிறு கூடையில் இருந்தன.

"என்ன சிவா, வழியனுப்ப வந்தனியோ?"

"போகாதையுங்கோ," என்றேன்.

"ஏன்? வெதர் நல்லாயிருக்கு."

வழி முழுவதும் ஜெர்மனில் ஒத்திகை பார்த்து வந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் என் தோளில் தட்டிவிட்டு விமானத்தைச் சுற்றிப் பார்க்கத் திரும்பினார். நான் வேலை மேசைக்குப் போனேன். இரும்பு அறுக்கும் வாளை எடுத்தேன். வெளியே வந்து இடது நுனியின் மேல் வைத்து இழுத்தேன்.

நான் மூன்று கிழமை தேய்த்து மினுக்கிய நுனி. முதல் இழுவையிலேயே வெள்ளைத் தூள் பறந்தது.

"சிவா, உனக்கென்ன விசரோ? விடு. விடு எண்டிறன்." வ்ரேனி என் கையைப் பிடித்து இழுத்தார். கொட்டகையில் இருந்து ஆலோசகர் ஓடி வந்தார். என் பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்த்தவர், வ்ரேனியின் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"வெட்டட்டும்," என்றார்.

கை நுழையும் அளவுக்கு ஒரு துண்டை அறுத்தெடுத்தேன். நான் ஊற்றிய பிசின் கட்டி அங்கே இருந்தது. அதன் நடுவில் வட்டமாக ஒரு குழி. எண்ணெய் மினுக்கத்தோடு, உள்ளே ஒன்றுமில்லாமல்.

அந்தக் குழியைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. காசு என்றேன். நான் வைத்தேன் என்றேன். அணியம், கடல், திரும்பி வருவது என்று பாதி ஜெர்மனிலும் பாதி தமிழிலும் உளறினேன். அவர்களுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. ஆனால் ஆலோசகர் அந்தக் குழியைப் பார்த்தார், பிறகு விலாவில் இருந்த துளையைப் பார்த்தார். அவருடைய முகம் அப்படி வெளுத்ததை நான் முன்பு கண்டதில்லை.

"துணியைத் திறக்கவேணும்," என்றார்.

வ்ரேனி போய்த் தன் தையல் பெட்டியைக் கொண்டு வந்தார். இறக்கையின் அடியில் மல்லாந்து படுத்து, ஏழு வருடத்துத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் உதவக் கை நீட்டியபோது, "நீ தொடாதை," என்றார். அந்தச் சொல்லை நான் பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது விலாவில் விளக்குப் பிடித்தோம். இரும்புக் கையைத் தாங்கும் தகட்டின் மூலையில், விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, சதம் செங்குத்தாக நின்றது. மஞ்சள் நூலின் ஒரு முனை இன்னும் தொங்கியது. அதன் ஓரத்தில் புதிதாக ஒரு வெட்டுக்காயம், செம்பு பளபளத்தது. ஒரு முறை நசிபட்டிருக்கிறது.

ஆலோசகர் வ்ரேனியை விமானத்துக்குள் ஏறச் சொன்னார். "தடியை ஆட்டும்." ஆட்டினார். மடல் முழுவதும் போய் வந்தது. பிறகு அவர் உள்ளே கையை விட்டு ஒரு விரலால் சதத்தை ஒரு நெல் அளவு தள்ளினார். "இப்ப ஆட்டும்."

தடி வலது பக்கம் போனது. பாதியில் நின்றது. வ்ரேனி இரண்டு கையாலும் தள்ளினார். அசையவில்லை.

அவர் இறங்கியதும் ஆலோசகர் என்னைப் பார்த்துத் தலையால் காட்டினார். நான் ஏறித் தடியைப் பிடித்தேன். பாதியில் நின்ற அந்தத் தடியை என் உள்ளங்கை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு சின்னக் காற்று உதறல் போதும், அந்தச் சதம் அந்த நெல் அளவு நகர்வதற்கு. கீழே மலை.

இனிக் கடிதம் கிடைக்காது என்று நினைத்தேன். மாலையில் ஆலோசகர் தட்டச்சு இயந்திரத்துக்கு முன் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். சதம், எண்ணெய், நான் இல்லை என்று சொன்ன பொய், வாள் எல்லாவற்றையும் எழுதினார். ஒவ்வொன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசியில், இந்த மனிதன் எங்களோடு தொடர்ந்து வேலை செய்வதை விரும்புகிறோம் என்று முடித்தார்.

"முதல் பகுதி தேவையோ?" என்று கேட்டேன்.

"அது இல்லாட்டி ரெண்டாவது பகுதியை ஆர் நம்புவான்?" என்றார்.

திங்கட்கிழமை அந்த அலுவலர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். இது உண்மையா என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அட்டையை ஆறு மாதம் நீட்டினார்கள். பிறகு இன்னும் ஆறு மாதம். அப்படியே நீண்டு நீண்டு நான் இங்கே கிழவனானேன்.

புதிய நுனியை ஒரு மாதத்தில் செய்தேன். மூடும்போது கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். வ்ரேனி துணியைத் திரும்பவும் தைத்தார். மூன்றாவது விலாவுக்கு அடியில் ஆலோசகர் ஒரு சிறிய கதவு வைக்கச் சொன்னார். சதத்தில் ஊசி நுழைய ஒரு துளை போட்டு, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருந்த வரைபடப் பையில் மெழுகு நூலால் வ்ரேனி அதைத் தைத்தார். "இனி உது என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும்," என்றார். பிறகு பக்கத்து இருக்கையைக் காட்டினார். "ஏறு."

"நானோ?"

"நீதானே மூடினனீ."

மரங்கள் எங்களுக்குக் கீழே போயின. என் வாழ்வில் அவ்வளவு பயந்ததில்லை. திடலுக்கு மேலே உயரம் எடுத்து, வ்ரேனி இயந்திரத்தைத் தணித்து, இடது பக்கம் சரித்தார். காற்றின் இரைச்சல் மட்டும்.

"ஏதும் கேக்குதோ?"

காதைக் கூர்ந்து பிடித்தேன். "இல்லை. ஒண்டுமில்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சதம் உள்ளே இறுகியிருந்த அந்தச் சனிக்கிழமையும் சத்தம் இல்லை என்றுதான் அவர் கைகளை விரித்தார். இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது என்று நினைக்கிறேன். அவர் உடனே திருப்பிக்கொண்டு வந்து இறக்கினார்.

ஆலோசகர் புல்லில் நின்றார். ஏன் இவ்வளவு கெதியாய் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அவர் கையில் விளக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. நான் மண்டியிட்டு அந்தச் சிறிய கதவைத் திறந்தேன். மூன்று பேரும் தலையை நீட்டி, ஒருவர் பின் ஒருவராக, ஒன்றும் இல்லாத அந்த இடத்தை வடிவாகப் பார்த்தோம்.

கதவை மூடி, மறுபடி ஏறினோம்.